பட்டப்படிப்பில் பொதுப்பாடங்கள்: புகுமுன் அறிய வேண்டுவன

முன்னுரை

மேனிலைப் பள்ளிக் கல்வியை முடித்து இளங்கலை வகுப்பில் சேரும் மாணவர், தாம் விரும்பிய துறையின் பெயரையே நெஞ்சில் ஏந்தி வருகின்றனர். இயற்பியலோ வணிகவியலோ கற்கப் போகிறோம் என்னும் எண்ணத்தோடு வந்தவர்க்கு, முதல் வாரத்தில் தரப்படும் கால அட்டவணை வியப்பளிக்கின்றது. அதில் தமிழுக்கும் ஆங்கிலத்திற்கும் பல பாடவேளைகள் ஒதுக்கப்பட்டுள்ளன. 'பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்த பின்னும் இவை எதற்கு?' என்று மாணவர் வினவுகின்றனர், பெற்றோரும் வினவுகின்றனர். அவ்வினாவிற்கு விடை காண்பதும், பொதுப்பாட வகுப்புகளில் எதிர்பார்க்கத் தக்கவை யாவை என எடுத்துரைப்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஐந்து பகுதிகள்

தமிழகக் கலை, அறிவியல் கல்லூரிகளின் இளங்கலைப் பாடத்திட்டம் பொதுவாக ஐந்து பகுதிகளைக் கொண்டது. பகுதி ஒன்று, தமிழ் அல்லது மாணவர் தெரிந்தெடுக்கும் பிறிதொரு மொழி. பகுதி இரண்டு, ஆங்கிலம். பகுதி மூன்று, முதன்மைப் பாடமும் அதனைச் சார்ந்த துணைப்பாடங்களும். பகுதி நான்கில் சுற்றுச்சூழல் கல்வி, மதிப்புக் கல்வி, திறன் வளர்ப்புப் பாடங்கள் ஆகியன அடங்கும். பகுதி ஐந்து, விரிவாக்கப் பணி.

இவற்றுள் மூன்றாம் பகுதியின் மதிப்பெண்ணே பெரிதும் பேசப்படுவதால், ஏனையவற்றை மாணவர் எளிதாக எண்ணிவிடுகின்றனர். ஆயின், எல்லாப் பகுதிகளிலும் தேறினாலன்றிப் பட்டம் இல்லை. முதன்மைப் பாடத் தாள்கள் அனைத்திலும் சிறந்த மதிப்பெண் பெற்றும், மொழித்தாள் ஒன்று நிலுவையாக நின்றமையால் முதுகலைச் சேர்க்கையையும் கைக்கு எட்டிய வேலையையும் இழந்து வருந்துவோர் உளர். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்த பிள்ளைக்கு இவ்விழப்பு நேரும்போது, அது அக்குடும்பம் முழுமைக்குமான இழப்பாகின்றது.

எம்மொழியைத் தெரிவது?

முஸ்லிம்கள் நடத்தும் கல்லூரிகள் பலவற்றில் பகுதி ஒன்றில் தமிழோடு அரபு, உருது முதலிய மொழிகளும் உண்டு. மார்க்கக் கல்வி பயின்று வருவோர் அரபியையும், உருதுவை வீட்டுமொழியாகக் கொண்டோர் உருதுவையும் தேர்வது இயல்பே. அம்மொழிகளின் இலக்கியச் செல்வத்தை முறையாகக் கற்க அது நல்வாய்ப்பாகும். ஆயின், 'மதிப்பெண் எளிதாக வரும்' என்று பிறர் சொல்லக் கேட்டு மட்டுமே மொழியைத் தெரிதல் தகாது.

பிறமொழியைத் தேர்ந்தவர் தமிழை முற்றும் விட்டுவிட முடியாது என்பதும் அறியத்தக்கது. பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் படிக்காதவர் நான்காம் பகுதியில் அடிப்படைத் தமிழும், படித்தவர் சிறப்புத் தமிழும் பயில வேண்டுமென்பது இங்குப் பரவலாக உள்ள விதியாகும். மேலும், 2021 டிசம்பரில் தமிழக அரசு பிறப்பித்த ஆணைக்குப் பின், அரசுப் பணித் தேர்வுகளில் தமிழ்த்தாள் கட்டாயமாயிற்று. தொகுதி நான்கு தேர்வில் தமிழுக்குரிய 150 மதிப்பெண்ணில் 40 விழுக்காடாகிய 60 மதிப்பெண் பெறாதவருடைய ஏனைய விடைகள் மதிப்பிடப்படுவதில்லை. அவ்வினாக்கள் பத்தாம் வகுப்புத் தரத்தினவே. எனினும், பள்ளியோடு தமிழை மறந்தவர்க்கு அவையும் தடையாகலாம். பெற்றோரும் சமுதாயப் பெரியோரும் அறிவுரை கூறுமுன் இதனையும் எண்ணிப் பார்த்தல் நலம்.

வகுப்பறையில் காண்பவை

மொழி வகுப்பின் முதற்சிறப்பு, பல துறை மாணவரும் ஒருங்கே அமர்ந்து பயில்வதாகும். விலங்கியல் மாணவரும் வரலாற்று மாணவரும் ஒரே பாடலைக் கேட்டு வெவ்வேறு வினாக்களை எழுப்பும் இடம் கல்லூரியில் இஃதொன்றே எனலாம்.

பாடங்களின் வரிசை பல்கலைக்கழகத்திற்குப் பல்கலைக்கழகம் வேறுபடும். எனினும் இக்கால இலக்கியத்தில் தொடங்கிச் சமய இலக்கியம், காப்பியம் எனப் பின்னோக்கிச் சென்று சங்க இலக்கியத்தில் நிறைவுறுவது பலரும் கைக்கொள்ளும் முறையாகும். செய்யுளோடு சிறுகதை, புதினம், உரைநடை, இலக்கிய வரலாறு, இலக்கணம், மொழிப்பயிற்சி ஆகியனவும் உடன்வரும். பள்ளியில் பாடலை ஒப்பித்தோம். இங்கு அதன் பொருளை ஆராய்ந்து, நம் கருத்தை நம் நடையிலேயே எழுத வேண்டும். பள்ளித் தமிழுக்கும் கல்லூரித் தமிழுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

ஒரு சான்று

இவ்வேறுபாட்டை விளக்க ஒரு பாடப்பகுதியை எடுத்துக்கொள்வோம். உமறுப்புலவர் இயற்றிய சீறாப்புராணம் விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என்னும் மூன்று காண்டங்களை உடையது. அதில் பாடமாகப் பலமுறை வைக்கப்பெற்ற பகுதி, 'மானுக்குப் பிணை நின்ற படலம்' ஆகும். வேடன் வலையில் மானொன்று சிக்குகின்றது. பசித்திருக்கும் தன் கன்றுக்குப் பாலூட்டி மீள்வதாக அது வேண்டுகின்றது. காட்டு விலங்கு மீண்டு வருமோ என வேடன் ஐயுறுகின்றான். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதற்குப் பிணை நிற்கின்றார்கள். மான் சொன்ன சொல் தவறாது கன்றோடு மீள்கின்றது. வேடன் மனம் மாறுகின்றான்.

கதையை மட்டும் அறிந்தவர் இரு மதிப்பெண் வினாவிற்கு விடையெழுதலாம். வகுப்பில் நாம் அதற்கு மேலும் செல்கின்றோம். 'பிணை' என்னும் சொல்லுக்குப் பிறர்பொருட்டு ஏற்கும் பொறுப்பு என்பதோடு பெண்மான் என்னும் பொருளும் உண்டு. கன்றை ஈன்ற பெண்மானுக்கு நாயகம் பிணையாகின்றார்கள் என்று காணுங்கால், தலைப்பே புதிய சுவை தருகின்றது.

அவ்வகுப்பில் அமர்ந்திருக்கும் வணிகவியல் மாணவர், 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தைத் தம் துறையில் பயில்பவர். அச்சட்டத்தின் 126ஆம் பிரிவு பிணை ஒப்பந்தத்தில் கடன் கொடுத்தவர், கடன்பட்டவர், பிணையாளர் என மூவரைக் குறிக்கின்றது. வேடன், மான், நாயகம் என மூவரும் அவ்விடங்களில் நிற்பதை அம்மாணவர் தாமே கண்டு கூறுவார். கடன்பட்டவர் தவறினால் பிணையாளர் யாது செய்ய வேண்டும் என்பதைச் சட்டம் வரையறுக்கின்றது. வலியற்ற ஓர் உயிருக்காக ஒருவர் பிணை நிற்க முன்வருவது ஏன் என்பதைக் காப்பியம் உணர்த்துகின்றது. இரண்டையும் அறிந்தவரே நிறைந்த கல்வியுடையவர். இவ்வறிவு வினா-விடை நூலில் கிடைப்பதன்று, வகுப்பறையில் வாய்ப்பது.

அரபு நாட்டு வரலாற்றைப் பாடப்புகுந்த உமறுப்புலவர், தமிழ்க் காப்பிய மரபைத் தழுவி நாட்டுப்படலமும் நகரப்படலமும் அமைத்தார். சமயமும் மொழியும் ஒன்றுக்கொன்று தடையல்ல என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. வாணியம்பாடி இசுலாமியக் கல்லூரியில் தமிழ் கற்பித்த கவிக்கோ அப்துல் ரகுமான், கஜல் வடிவத்தைத் தமிழில் தந்தார். சென்னைப் புதுக்கல்லூரியில் தமிழ் கற்பித்தவர் கவிஞர் இன்குலாப். அம்மரபு நம் மாணவர்க்கும் உரியதே.

தேர்வை எதிர்கொள்ளும் முறை

தேர்வில் குறுவினா, பத்தி வினா, கட்டுரை வினா என மூவகை வினாக்கள் அமைவது பெரும்பான்மை. அகமதிப்பீட்டிற்கும் ஒரு பங்கு மதிப்பெண் உண்டு. வருகை, ஒப்படைப்பு, அகத்தேர்வு ஆகியவற்றை முதல் நாளிலிருந்தே கருத்தில் கொள்ள வேண்டும். மாணவர் கடைப்பிடிக்கத் தக்கன நான்கு. பாடல்களைப் பதம் பிரித்து வாய்விட்டுப் படித்தல். அருஞ்சொற்களை அன்றன்றே குறித்தல். கிழமைக்கொரு பக்கமேனும் சொந்த நடையில் எழுதி ஆசிரியரிடம் காட்டுதல். ஒற்றுப்பிழை, லகர ளகர ழகரப் பிழைகளைத் தனியே எழுதி வைத்துத் திருத்துதல். இவற்றைச் செய்பவர்க்குத் தேர்வுக்கு முந்தைய இரவு அச்சம் தராது.

பிற பொதுப்பாடங்கள்

சுற்றுச்சூழல் கல்வி பாடமான வரலாறு பலர் அறியாதது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் வழங்கிய ஆணையே அதற்கு அடிப்படை. நம் ஊர் ஆற்றையும் குப்பைமேட்டையும் பார்த்துப் படிக்க வேண்டிய பாடம் அது. பகுதி ஐந்தில் அடங்கும் நாட்டு நலப்பணித் திட்டம் 1969ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. இரண்டாண்டில் 240 மணி நேரத் தொண்டும் ஏழு நாள் சிறப்பு முகாமும் அதில் உண்டு. மகளிரை முகாமுக்கு அனுப்பப் பெற்றோர் தயங்குவதுண்டு. உடன்வரும் பேராசிரியைகளிடம் முகாமின் ஏற்பாடுகளை நேரில் கேட்டறிந்து முடிவு செய்தல் நன்று. கேளாமலே மறுத்தல் பிள்ளையின் வளர்ச்சியைத் தடுப்பதாகும்.

ஆசிரியர் கடமை

மாணவரை மட்டும் குறைகூறுதல் முறையன்று. பொதுத்தமிழ் வகுப்பில் குறிப்புரையைச் சொல்லி எழுதச் செய்வதோடு நின்றால், மாணவர் அதனைச் சுமையெனக் கருதுவதில் வியப்பில்லை. எதிரில் அமர்ந்திருப்போர் எத்துறையினர் என அறிந்து, அத்துறையோடு பாடத்தை இணைத்துக் காட்டுதல் தமிழாசிரியராகிய நம் கடமை. முதன்மைத் துறை ஆசிரியர்களும், 'மொழி வகுப்புத்தானே' என்று கூறி அந்நேரத்தைச் செய்முறைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளாதிருத்தல் வேண்டும்.

நிறைவுரை

முதன்மைப் பாடம் ஒருவர்க்குத் தொழிலைத் தருகின்றது. தாம் கற்றதைப் பிறர்க்கு விளங்க உரைக்கவும், பிறர் துயரைத் தம் துயராக உணரவும், சொன்ன சொல்லைக் காக்கவும் பொதுப்பாடங்கள் பழக்குகின்றன. கல்வி தேடுதலைக் கடமையாக வலியுறுத்தும் மார்க்கம் நம்முடையது. அக்கடமையில் பாதியை மட்டும் நிறைவேற்றிப் பட்டம் பெறுதல் இயலாது. இயன்றாலும் அது நிறைவாகாது. இவ்வாண்டு நம் கல்லூரியில் அடியெடுத்து வைத்துள்ள மாணவமணிகள் மொழி வகுப்பிற்குப் பாடநூலோடும் வினாக்களோடும் வருக. விடை தேட நாமும் உடனிருப்போம்.