சிறுநீர்க் கசிவும் தொழுகையும்: முதியோர் இல்லத்தில் இருக்கும் உம்மாமார்களுக்காக



முதியோர் இல்லங்களில் இருக்கும் நம் பெண்மணிகள் சிலர் தொழுகையை விட்டுவிடுகிறார்கள். கேட்டால், "துணி சுத்தமா நிக்கலையே" என்பார்கள். மகனிடம் சொல்ல வெட்கம். தாமாகவே செய்துகொள்ளும் வைத்தியம், தண்ணீரைக் குறைப்பது. அது கெடுதல். தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்த்தியாகிப் பையை உறுத்தும்; மலம் இறுகி அதை அழுத்தும்; கசிவு கூடும்.

முதலில் மார்க்கச் சட்டம். தொடர் உதிரப்போக்கு இருந்த ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) அவர்களை, மாதவிடாய் நாட்கள் போக மற்ற நாட்களில் தொழும்படியே நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். தொடர் கசிவுள்ளவரின் சட்டத்தையும் இமாம்கள் இதனோடு சேர்த்தே பேசுகிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபில், வக்து வந்தபின் கழுவி, பேடு மாற்றி, ஒளுச் செய்து தாமதிக்காமல் தொழ வேண்டும். ஓர் ஒளுவுக்கு ஒரு பர்ளு. சுன்னத்துகள் எத்தனையும் தொழலாம். இடையில் கசிந்தாலும் தொழுகை முறியாது. ஹனஃபி மத்ஹபில், வேறு காரணத்தால் முறியாதவரை, வக்து முடியும் மட்டும் அந்த ஒளு போதும். ஆனால் ஒரு முழு வக்தில் ஒளுவெடுத்துத் தொழும் அளவுக்குக்கூடக் கசிவு நிற்காதவருக்கே இச்சலுகை தொடங்கும். இருமும்போது மட்டும் சொட்டுபவர் அதில் சேரமாட்டார். நின்ற நேரம் பார்த்துத் தொழ வேண்டும். நின்றால் கசிகிறது, உட்கார்ந்தால் இல்லை என்பவர் உட்கார்ந்தே தொழலாம். மற்ற சந்தேகங்களை உங்கள் மஹல்லா ஆலிமிடம் கேளுங்கள்.

இனி உடம்பு. "வயசானா அப்படித்தான்" என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. இருமல், தும்மலில் கசிவது பிரசவங்களில் தளர்ந்த அடித்தசையால். அவசரம் வந்ததும் அடக்க முடியாமல் போவது வேறு வகை. சர்க்கரை நோய், சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், இரத்த அழுத்தத்துக்குத் தரும் நீர் மாத்திரை இவையும் காரணமாகும். திடீரென்று தொடங்கினாலோ, எரிச்சல், காய்ச்சல், இரத்தம் இருந்தாலோ உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். மாத்திரையை நாமாக நிறுத்தக்கூடாது. எந்த நேரத்தில் கொடுப்பது என்று அவரிடமே கேட்கலாம்.

சிறுநீரை அடக்குவதுபோல் அடித்தசையைச் சுருக்கித் தளர்த்தும் பயிற்சியை ஒரு தடவைக்கு 8 முறை, நாளுக்கு 3 வேளை, குறைந்தது 3 மாதம் செய்தால் பலருக்குப் பலன் தெரிகிறது. தும்மலில் கசிபவர்களுக்கு இதுவே முதல் சிகிச்சை.

பலருக்குப் பை சரியாகவே இருக்கும். முழங்கால் வலியோடு கழிப்பறைக்குப் போய்ச் சேர்வதற்குள், பாவாடை நாடா அவிழ்வதற்குள் முடிந்துவிடும். இவர்களுக்கு நாடாவுக்குப் பதில் எலாஸ்டிக், இரவில் கட்டிலருகே கமோடு நாற்காலி, வழியில் ஒரு விளக்கு போதும். அவசரமாக ஓடித்தான் பலர் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்கிறார்கள்.

இல்லத்தாரிடம் கேட்க வேண்டியது, 2 அல்லது 3 மணிக்கு ஒருமுறை உம்மாவைக் கூப்பிட்டு அழைத்துப் போவது. ளுஹர், அஸர், மஃரிப், இஷாவுக்கு முன் ஒவ்வொரு முறை என்றால் அவர்களுக்கும் நினைவில் நிற்கும். சுபுஹுக்கும் ளுஹருக்கும் இடையே மட்டும் இரண்டு முறை கூடுதலாகச் சொல்ல வேண்டும். நாள் முழுக்க ஒரே டயபர் என்றால் தோல் வெந்து புண்ணாகும். அடுத்த முறை பார்க்கப் போகும்போது மகளோ மருமகளோ தனியே உட்கார்ந்து விசாரிக்கட்டும்; ஆண்கள் வெளியே இல்லப் பொறுப்பாளரிடம் ஒரு நாளைக்கு எத்தனை டயபர் மாற்றுகிறார்கள் என்று கேட்கட்டும்.