செம்மண் மேட்டுத் தொண்டர்

புதுச்சேரிக்கு வடக்கே, வங்கக் கடலை அடுத்து, செம்மண் மேடு ஒன்று உளது. ஆரோவில் என்னும் பன்னாட்டு நகர் அம்மேட்டின்மீது அமைந்தது. 1968ஆம் ஆண்டு பெப்ருவரித் திங்கள் 28ஆம் நாள் நிகழ்ந்த அதன் தொடக்க விழாவில், 124 நாடுகளின் மண் ஒவ்வொரு பிடியாகக் கொணரப்பெற்றுத் தாமரை வடிவத் தாழி ஒன்றில் இடப்பட்டது. உலகத்து மண்ணை ஒருங்கு சேர்த்தல் ஒரு நாளில் முடிந்தது. அங்கிருந்த மண்ணைக் காத்தற்கோ பல்லாண்டுகள் ஆயின.

முன்னொரு காலத்தில் அம்மேடு அடர்ந்த காடாக இருந்தது. அது பாழ்பட்டமைக்கு அவ்வட்டார மக்கள் ஒரு கதை கூறுவர். இரும்பை என்னும் ஊரில் தவமிருந்த கடுவெளிச் சித்தரை மக்கள் இகழ்ந்தனர் என்றும், அவர் சினந்து இட்ட சாபத்தால் நிலம் வறண்டது என்றும் அக்கதை செல்லும். கதை இனிது. ஆனால், நிலத்தைக் கெடுத்தவை கோடரியும் மேய்ச்சலுமே ஆகும். மரம் போனபின் மண்ணைப் பற்றி நிற்க வேரில்லை. வடகிழக்குப் பருவமழை கொட்டுந்தோறும் மேல்மண் கரைந்து, ஓடைகளை ஆழமாக அரித்துக்கொண்டு ஓடிக் கடலைச் சிவப்பாக்கியது.

இந்நிலத்திற்கு அயல்நாடுகளிலிருந்து வந்த முதற் குடியினர் கீற்றுக் குடிசைகளில் தங்கி மரம் நடத் தொடங்கினர். நட்டவற்றுள் பல வெயிலில் கருகின. எஞ்சியவற்றை ஆடுமாடுகள் மேய்ந்தன. முள்வேலி கட்டுதலையும், சரிவுக்குக் குறுக்கே கரை எழுப்பி நீரைத் தேக்குதலையும் முதலில் செய்தாலன்றிக் கன்று பிழையாது என்பதை அவர்கள் உணர்ந்தனர். உதவ வந்தோர், அண்டை ஊர்களின் உழவரிடமும் மண்வேலை அறிந்தோரிடமும் மாணாக்கராயினர்.

விரைந்து வளரும் ஆஸ்திரேலிய வேல இனமொன்றை அவர்கள் முதலில் மிகுதியாக நட்டனர். அது நிழல் தந்தது. இலை உதிர்த்து மண்ணை வளமாக்கியது. எனினும், 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் ‘தானே’ புயல் கரை கடந்தபொழுது அம்மரங்கள் திரள்திரளாகச் சாய்ந்தன. இக்கடற்கரைக்கே உரிய காடு எது என்பதைக் கோயிற்காடுகள் காட்டின. கீழ்ப்புத்துப்பட்டில் ஐயனார் கோயிலைச் சூழ்ந்துள்ள காட்டில், தெய்வத்திற்கு அஞ்சி மக்கள் வெட்டாது விட்ட மரங்கள் இன்றும் நிற்கின்றன. வீரை, பாலை, காயா, கருங்காலி முதலிய இந்நிலத்து மரங்களின் விதைகளைத் திரட்டி நாற்று வளர்ப்பது, அதன் பயனாய் எழுந்த பணியாகும்.

இப்பணியைப் பயில இன்றும் பல நாட்டு இளைஞர் வருகின்றனர். இசுரேல் நாட்டினின்று வந்த ஒரு குடும்பத்தார் 2003ஆம் ஆண்டு டிசம்பரில் ஏறத்தாழ 70 ஏக்கர் பாழ்நிலத்தில் தொடங்கிய ‘சாதனா வனம்’ அவர்கள் தங்கும் இடங்களுள் ஒன்று. அங்கே விடியுமுன் பாட்டொலி அவர்களைத் துயிலெழுப்பும். அனைவரும் வட்டமாக நின்று அன்றைய பணியைப் பகிர்ந்துகொள்வர். கதிரவன் ஏறிவிட்டால் செம்மண்ணில் நிற்றல் அரிது. ஆதலின் மண்வேலை முழுவதும் காலையிலேயே நடைபெறும். குழி தோண்டுதல், கரைக்கு மண் சுமத்தல், கன்றின் அடியில் சருகும் வைக்கோலும் பரப்பி மூடாக்கு இடுதல் ஆகியன அவர்தம் பாடங்கள். கடப்பாரை பிடித்தறியாத கைகள் முதல் வாரத்தில் கொப்புளம் கொள்ளும். அதைப் பெரிதாகப் பேசுவார் அங்கில்லை.

அங்கு மின்சாரம் கதிரொளியினின்று பெறப்படும். பாலும் இறைச்சியும் சமையலில் இல்லை. தேங்காய் நாரும் சாம்பலும் கொண்டு பாத்திரம் துலக்குவர். வாளி நீரில் அளந்து குளிப்பர். கழிப்பறைக் கழிவும் மக்கி எருவாகும். நகரத்தில் குழாயைத் திருகி வாழ்ந்தவர்க்கு, ஒரு வாளி நீரின் விலை இங்கே தெரிகிறது.

இச்சிக்கனம் வெறும் நோன்பன்று. கடலோர நிலத்தடியில் நன்னீரும் உப்புநீரும் ஒன்றையொன்று நெருக்கி நிற்கின்றன. ஆழ்குழாய்க் கிணறுகள் நன்னீரை மிகுதியாக உறிஞ்சினால் கடல்நீர் உட்புகும். பின்னர்க் கிணறு உவர்க்கும், வயல் விளையாது. மழைநீர் மேட்டிலேயே நின்று மண்ணுள் இறங்கினால்தான் கடல் தன் எல்லையில் நிற்கும். கன்று நடுதலினும் கரை கட்டுதலுக்கு அங்கே முதலிடம் தரப்படுவது இதனாலேயே.

ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்கள் நடவுக் காலம். கோடை வருமுன் வேர் ஆழ இறங்குதல் வேண்டும் ஆதலின், மழை நடுவிலும் வேலை நிற்பதில்லை. கரை எங்கேனும் உடையின் உடனே மண்ணிட்டு அடைத்தல் வேண்டும். ஒரு மழையில் அரித்த ஓடையைத் தூர்க்கப் பல மாதங்கள் ஆகும். தொண்டர் பலர் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ தம் நாடு திரும்பிவிடுகின்றனர். அவர் நட்ட கன்று அப்பொழுது முழங்கால் உயரங்கூட வளர்ந்திராது. சித்திரை வெயிலில் அதற்கு மூடாக்கு இடுவது அடுத்து வருவோர் பணி.