ஆறாம் படிவத்து உயிரியலுக்கு விடுமுறையிலேயே ஆயத்தம்



எஸ்.பி.எம். பரீட்சை முடிந்து ஆறாம் படிவம் தொடங்கும் வரை நம் பிள்ளைகளுக்குப் பல மாத ஓய்வு கிடைக்கிறது. அந்நாட்களில் மகனைக் கல்லாவில் உட்கார வைப்பதும், மகளிடம் கணக்குப் புத்தகத்தை ஒப்படைப்பதும் நம் வழக்கம். அதில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் வைத்தியத்தையோ மருந்தாளர் தொழிலையோ நாடி உயிரியல் படிக்கப் போகும் பிள்ளைக்கு இந்த மாதங்கள் முழுவதும் கடையிலேயே கழிந்துவிட்டால், நட்டம் பின்னால்தான் தெரியும்.

காரணம் இதுதான். 2012-ஆம் ஆண்டு முதல் எஸ்.டி.பி.எம். கல்வி மூன்று பருவங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. முதற் பருவத்தில் உயிர்ப்பொருள்களின் ரசாயனம், உயிரணு, நொதிகள், சுவாசம், ஒளிச்சேர்க்கை. இரண்டாவதில் உடலின் இயக்கம். மூன்றாவதில் சூழலியலும் பாரம்பரியமும். ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் பரீட்சை உண்டு. 'முதலில் பழகிக்கொள்வோம், கடைசியில் பிடித்துவிடலாம்' என்று இருந்தால், பழகி முடிப்பதற்குள் ஒரு பங்கு மதிப்பெண் கைநழுவிப் போகும். மூன்று பருவங்களில் மிகக் கடினமாகப் பலருக்குத் தோன்றுவதும் அந்த முதற் பருவமே. அதில் பாதி ரசாயனம்.

ஆகவே விடுமுறையில் செய்யவேண்டியவை நான்கு.

முதலாவது, நான்காம், ஐந்தாம் படிவப் பாடங்களில் உயிரணு, சவ்வூடு பரவல், நொதி ஆகிய மூன்றையும் மீண்டும் படித்தல். கடையிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. கருவாடு ஏன் கெடுவதில்லை? உப்பு மீனின் தசையிலுள்ள நீரை வெளியே இழுக்கிறது. அதே உப்பு கிருமியின் உடலிலிருந்தும் நீரை இழுத்து அதை வளரவிடாமல் தடுக்கிறது. இதுவே சவ்வூடு பரவல்.

இரண்டாவது, மாவுச்சத்து, புரதம், கொழுப்பு ஆகியவற்றின் அமைப்பைத் தாளில் வரைந்து பழகுதல். பார்த்துப் படித்தது மறக்கும். வரைந்து படித்தது நிற்கும்.

மூன்றாவது, கலைச்சொற்களை மலாயிலும் ஆங்கிலத்திலும் ஒரே நோட்டில் அருகருகே எழுதிவைத்தல். நாளைக்குப் பத்துச் சொற்கள் போதும்.

நான்காவது, வாரத்துக்கு ஒரு நீண்ட வினாவுக்கு நேரம் வைத்து விடை எழுதுதல். 'விளக்குக' என்ற கேள்விக்குப் பட்டியல் எழுதி மதிப்பெண் இழப்பவர் பலர். எதனால், எப்படி என்பது விடையில் இருக்கவேண்டும்.

காரணம் கேட்டுப் படிக்கும் பழக்கம் நமக்குப் புதிதன்று. 1288-இல் காலமான இப்னு நஃபீஸ் என்னும் வைத்திய மேதை, இருதயத்தின் நடுச்சுவரில் துளையில்லை. ஆகவே இரத்தம் நுரையீரல் வழியாகத்தான் இடப்பக்கம் சேரவேண்டும் என்று எழுதினார். பல நூற்றாண்டுகளாக எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்த காலனின் கருத்தையே அவர் மறுத்தார். மனப்பாடத்தோடு நின்றிருந்தால் அது அவருக்குத் தோன்றியிராது.

செடெனாக்கில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு மற்றொரு வசதியும் உண்டு. சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். மூன்றாம் பருவத்துப் பாரம்பரியப் பாடம் அந்த மரத்திலேயே காய்த்துத் தொங்குகிறது. தடித்த ஓடுள்ள காய் டூரா, ஓடில்லாதது பிசிஃபெரா. இரண்டையும் இணைத்தால் மெல்லிய ஓடும் மிகுந்த சதையும் உள்ள டெனெரா பிறக்கிறது. எண்ணெய் சதையில் இருப்பதால் தோட்டங்களில் நடுவது டெனெராவையே. இந்த மர்மத்தை 1941-இல் காங்கோவில் ஆராய்ந்தவர்கள் விளக்கினர். ஓட்டைத் தீர்மானிக்கும் மரபணுவை 2013-இல் மலேசிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்து வெளியிட்டனர்.

இப்போது பிள்ளையிடம் ஒரு கேள்வி கேளுங்கள். டெனெரா மரத்தடியில் விழுந்த பழத்தை முளைக்கவைத்து நட்டால் என்ன ஆகும்? பக்கத்து மரமும் டெனெராவே என்றால், நாலில் ஒன்று டூரா, இரண்டு டெனெரா, ஒன்று பிசிஃபெரா என்ற கணக்கில் வரும். பாதி மரங்கள்தான் எதிர்பார்த்தவை. பிசிஃபெராவோ பெரும்பாலும் காய் பிடிக்காது. விதைக்குப் பணம் கொடுப்பது ஏன் லாபம் என்பது நமக்கும் விளங்கும். பிள்ளைக்கு மெண்டலின் விதியும் விளங்கும்.

பெற்றோராகிய நம் கடமை பெரிதொன்றுமில்லை. சுபுஹு தொழுகைக்குப் பின் ஒன்றரை மணி நேரம் பிள்ளையைக் கடைக்கு அழைக்காமல் விட்டுவிடுவோம். உயிரியல் தெரிந்திருந்தால்தான் விசாரிக்கலாம் என்பதில்லை. 'இன்று என்ன படித்தாய், எனக்குச் சொல்' என்று இரவில் ஒரு வார்த்தை கேட்போம். தகப்பனுக்குப் புரியும்படி சொல்ல முடிந்தால் பாடம் அவனுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். தடுமாறினால் மறுநாள் மீண்டும் அதையே படிக்கட்டும்.

பண்டிகைக்கு வேண்டிய சரக்கைப் பண்டிகையன்று கொள்முதல் செய்யும் வியாபாரி நம்மில் எவருமில்லை. பிள்ளையின் கல்விக்கு மட்டும் ஏன் கடைசி நாள் வரை காத்திருக்கவேண்டும்? இந்த விடுமுறையிலேயே தொடங்குவோம். வல்ல அல்லாஹ் நம் மக்களுக்குப் பயனுள்ள கல்வியை அருள்வானாக! ஆமீன்.