நெட்டில் கேட்கலாம்; எதை நம்பலாம்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி இன்டர்நெட் இணைப்பும் பெற்றவர்கள் ஆர்வத்துடன் செய்யும் வேலை, கேள்வி கேட்பது. "பாங்காக்கில் நம்ம ஊர் சாப்பாடு கிடைக்குமா?" என்று டைப் செய்தால் போதும். முகம் தெரியாத யாரோ ஒருவர் பொறுமையாகப் பதில் தருவார். நல்ல வசதிதான். ஆனால் எல்லாக் கேள்விகளுக்கும் இந்தப் பதில் போதுமா? எங்கள் குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி என் சொந்த ஊர். பெங்களூரில் சாப்ட்வேர் வேலை என்பதால் சேலம் லைன் ரயிலைப் பிடித்து விடுமுறைக்கு வந்துவிடுவேன். அப்படி ஒருமுறை வந்தபோது சித்தப்பா மகன் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தான். டிப்ளமோ முடித்தவன்.

"அண்ணா, தாய்லாந்துல டேட்டா என்ட்ரி வேலை. டூரிஸ்ட் விசாவுல போனா அங்கே மாத்தித் தருவாங்களாம். நெட்ல மூணு பேர்கிட்ட கேட்டேன். ரெண்டு பேர் தைரியமா போன்னு சொல்றாங்க" என்றான்.

சம்பளத்தைக் கேட்டதும் நானும் சரி என்றுதான் சொன்னேன். மூன்றாவது நபர் பதிலே சொல்லாமல், "ஏஜென்ட்டின் லைசென்ஸ் எண் என்ன?" என்று திருப்பிக் கேட்டிருந்தார். அதைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

2022 செப்டம்பரில் நம் வெளியுறவு அமைச்சகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. தாய்லாந்தில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை என்று சமூக வலைத்தள விளம்பரம் மூலம் இளைஞர்களை அழைத்து, எல்லை தாண்டி மியான்மருக்குக் கடத்தி, இணைய மோசடி வேலைகளில் அடைத்து வைத்தார்கள். கம்ப்யூட்டர் தெரிந்தவர்களையே குறிவைத்தார்கள். அடுத்த மாதம் மீட்கப்பட்டுத் திரும்பியவர்களில் தமிழர்களும் இருந்தனர்.

இனி, கேள்விகளை எப்படிப் பிரித்துக்கொள்வது என்று பார்ப்போம்.

1. அனுபவக் கேள்வி: சாப்பாடு, குளிர், பஸ் வசதி போன்றவை. தாராளமாக யாரிடமும் கேளுங்கள். பதில் தவறானாலும் பெரிய நஷ்டம் இல்லை.

2. சட்டக் கேள்வி: விசா, பாஸ்போர்ட், வேலை அனுமதி. போய் வந்தவர் சொல்வது அவர் போன காலத்து விதி; இன்று மாறியிருக்கலாம். அந்த நாட்டுத் தூதரகத்தின் இணையதளத்திலோ நம் அரசின் தளத்திலோ சரிபாருங்கள். நம் மத்திய, மாநில அரசுத் தளங்களின் முகவரி பெரும்பாலும் 'ஜிஓவி டாட் இன்' என்று முடியும்.

3. பணம், ஆவணம்: பாஸ்போர்ட் நகல், ஆதார், முன்பணம் ஆகியவற்றை முகம் தெரியாதவருக்கு அனுப்பவே கூடாது.

வேலை வாய்ப்பு என்றால் இவற்றையும் செய்யுங்கள்.

அ) 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். 'இமைக்ரேட்' என்ற மத்திய அரசுத் தளத்தில் பதிவு பெற்றவர்களின் பட்டியல் உள்ளது. ஏஜென்ட்டிடம் லைசென்ஸ் எண்ணை எழுத்தில் வாங்கி, பெயர், எண் இரண்டும் பட்டியலுடன் பொருந்துகின்றனவா என்று பாருங்கள்.

ஆ) கம்பெனியின் பெயரை இரட்டை மேற்கோள் குறிக்குள் கூகுளில் டைப் செய்யுங்கள். அதே வரிசையில் உள்ள சொற்களை மட்டும் தேடும். அத்துடன் 'மோசடி' என்ற சொல்லையும் சேர்த்து ஒருமுறை தேடுங்கள்.

இ) 'ஹூ இஸ்' தேடலில் கம்பெனியின் இணைய முகவரியைக் கொடுத்தால், அது பதிவான தேதி தெரியும். இருபது வருடக் கம்பெனி என்பவர்களின் முகவரி போன மாதம் பதிவாகியிருந்தால் உஷார்!

முக்கியமான ஒரு விஷயம். பத்தாம் வகுப்பு தேறியவர்களின் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். குறிப்பு இருக்காது. அதனால் வேலைக்குப் போகும்போது குடிபெயர்வு அலுவலகத்தின் அனுமதி தேவையில்லை. இது சலுகைதான். ஆனால் நம் வேலை ஒப்பந்தத்தை அரசு ஒருமுறை பார்க்கும் வாய்ப்பும் போய்விடுகிறது. எனவே படித்தவர்கள் தாங்களே சரிபார்த்தாக வேண்டும்.

தம்பியும் நானும் மூன்றையும் செய்தோம். பட்டியலில் ஏஜென்ட் பெயர் இல்லை. இணைய முகவரிக்கு வயது ஆறு வாரம். லைசென்ஸ் எண் கேட்டுத் தம்பி மெசேஜ் அனுப்பினான். அடுத்த நிமிடம் அந்த நபர் இவன் எண்ணை பிளாக் செய்துவிட்டார். பணம் கட்டுவதற்காகச் சித்தி கழற்றி வைத்திருந்த வளையல் மறுபடி கைக்குப் போனது.

சந்தேகம் இருந்தால் பிரவாசி பாரதிய சகாயதா கேந்திராவின் கட்டணமில்லா எண் 1800 11 3090க்குப் பேசலாம். பணம் பறிபோயிருந்தால் தாமதிக்காமல் 1930ஐ அழையுங்கள்.

கேள்வி கேளுங்கள், தவறில்லை. "போ" என்று சொன்ன இரண்டு பேரை விட, திருப்பிக் கேள்வி கேட்ட ஒருவர்தான் எங்களுக்கு உதவினார்.