பழைய மோட்டாருக்குப் புது பிரேக் ஹோஸ்: எந்த வழியாகக் கொண்டு போவது?

நம்மில் பலருடைய வீட்டில் இன்னும் ஒரு ஆர்எக்ஸ்இசட் நிற்கும். அப்பா ஓட்டியது, இல்லாவிட்டால் மாமா கொடுத்தது. மலேசியாவில் அதன் தயாரிப்பு 2011-லேயே நின்றுவிட்டது. எக்ஸாஸ்டுக்கும் பெயிண்டுக்கும் தாராளமாகச் செலவு பண்ணுகிறோம். முன் டிஸ்க் பிரேக்கின் ரப்பர் ஹோஸை மட்டும் யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

எஸ்பிஎம் இயற்பியலில் பாஸ்கல் தத்துவம் படித்திருப்போம். பிரேக்கை அழுத்தும்போது ஹேண்டலில் உள்ள பம்ப் தரும் அழுத்தம் எண்ணெய் வழியாகக் கேலிப்பருக்குப் போகிறது. பழைய ரப்பர் ஹோஸ் அந்த அழுத்தத்தில் கொஞ்சம் உப்பும். அந்த அளவுக்கு நம் கை அழுத்தியது வீணாகும். பிரேக் பஞ்சு மாதிரி இருக்குன்னு சொல்றோமே, அதற்கு இதுவும் ஒரு காரணம். ஹோஸை வளைத்துப் பாருங்க. மேலே வெடிப்பு தெரிந்தால் மாற்றத்தான் வேண்டும்.

புது ஹோஸ் வாங்குவது சுலபம். அதை எந்த வழியாகக் கொண்டு போகிறோம் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். தப்பான வழியில் போன புது ஹோஸ், பழைய ஹோஸைவிட ஆபத்து.

ஏனென்றால் ஹோஸ் ஓரிடத்தில் சும்மா இருப்பதில்லை. ஹேண்டல் திரும்பும்போது மேல்முனை திரும்பும். பள்ளத்தில் விழுந்து எழும்போது ஃபோர்க்கின் கீழ்ப்பகுதி சக்கரத்தோடு ஏறி இறங்கும். அதனால் கழற்றுவதற்கு முன்பே, பழைய ஹோஸ் போகும் வழியைக் கைப்பேசியில் நாலு பக்கமும் படம் எடுத்துவிடுங்க. பிறகு எஞ்சினுக்கு அடியில் முட்டுக்கொடுத்து, முன்சக்கரம் தரையைத் தொடாதபடி தூக்குங்க. ஃபோர்க் முழுசாக நீண்டிருக்கும் அந்த நிலையில்தான் ஹோஸுக்கு அதிக நீளம் தேவை. ஹேண்டலை இடது கடைசி வரை, வலது கடைசி வரை திருப்பிப் பாருங்க. எங்கேயும் ஹோஸ் விறைக்கக் கூடாது. அடுத்து வண்டியை இறக்கி, முன்பக்கத்தை அழுத்துங்க. இப்போது மிச்ச நீளம் எந்தப் பக்கம் வளைகிறது? டயர் பக்கம் என்றால் அந்த வழி வேண்டாம்.

ஹேண்டலைத் தாழ்வாக மாற்றியவர்களுக்கு ஒரிஜினல் நீளம் கூடுதல், உயர்த்தியவர்களுக்குக் குறைவு. கடையில் “எல்லாத்துக்கும் ஒரே சைஸ்தான் தம்பி” என்று சொன்னால் நம்ப வேண்டாம், அளந்து வாங்குங்க.

கிளிப் போடும் இடமும் முக்கியம். ஃபோர்க்கின் மேல்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் நடுவே ஹோஸ் தளர்வாக வளைந்து நிற்க வேண்டும். ஹேண்டலோடு திரும்பாத பிரேமில் கட்டவே கூடாது. ஸ்டீல் பின்னல் ஹோஸ் போடுபவர்கள் இன்னும் கவனம்! பார்க்க அழகுதான், ஆனால் உரசும் இடத்தில் அது அரம் மாதிரி வேலை செய்யும். பெயிண்ட், வயர் எல்லாவற்றையும் தேய்த்துவிடும். உரசக்கூடிய இடத்தில் பிளாஸ்டிக் உறை போடுங்க.

மாட்டும்போது ஹோஸ் முறுக்கிக்கொள்ளக் கூடாது. இரண்டு முனையையும் கையால் மட்டும் இறுக்கி, ஹோஸ் இயல்பாக விழும் திசையைப் பார்த்த பிறகுதான் ஸ்பேனர் போட வேண்டும். ஒவ்வொரு முனையிலும் போல்ட்டுக்கு இரண்டு வாஷர், இரண்டும் புதுசு. ஜப்பானிய மோட்டாரில் வழக்கமாக 10 மில்லிமீட்டர் போல்ட், புரி இடைவெளி 1.25. வேறு கம்பெனி பம்ப் மாற்றியிருந்தால் அது 1.0 ஆகவும் இருக்கலாம். கையால் சுலபமாக ஏறாத போல்ட்டை ஸ்பேனரால் ஏற்றினால் பம்ப் போய்விடும்.

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். டாட் 4 எண்ணெய்க்குக் குறைந்தபட்சக் கொதிநிலை புதுசில் 230 பாகை, ஈரம் ஏறிய பிறகு 155. நம் ஊர் ஈரப்பதத்தில், திறந்து வைத்த பழைய பாட்டிலைப் பயன்படுத்தாதீங்க. பம்ப் மூடியில் எந்த வகை எழுதியிருக்கிறதோ அதையே ஊற்றுங்க. டேங்க் மேல் துணி போடுங்க, ஒரு சொட்டு பட்டாலும் பெயிண்ட் உரியும்.

காற்று முழுவதும் வெளியேறிய பிறகு பிரேக்கை அழுத்திப் பிடித்து, இரண்டு முனையிலும் டிஷ்யூ வைத்துப் பாருங்க. ஈரம் பட்டால் ஓட்ட வேண்டாம். முதல் முறை செய்பவர்கள் தெரிந்த போமனிடம் ஒருமுறை காட்டிவிட்டு, ஆளில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டிப் பிரேக் பிடித்துப் பாருங்க. ஒரு வாரம் கழித்து டார்ச் அடித்து ஹோஸ் முழுக்கப் பாருங்க. எங்கேயாவது பளபளவென்று தேய்ந்த அடையாளம் இருந்தால், அங்கேதான் உரசுகிறது. கிளிப்பை மாற்றிப் போடுங்க.