துருவுக்கும் எலிக்கும் என்ன உறவு?

அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் காரைக்குடிக்குக் கொண்டுவந்த மத்திய மின்வேதியியல் ஆய்வுக்கூடம் 1953-இல் திறக்கப்பட்டது. ஊரார் வாயில் அது ‘சிக்ரி’. அங்கே நாள்தோறும் புழங்கும் சொல் ‘கரோஷன்’, அதாவது உலோக அரிப்பு. அதற்குள் இருப்பது ‘ரோடெரே’ என்ற லத்தீன் வினை. பொருள்: கொறித்தல். எலி வகைக்கு ‘ரோடன்ட்’ என்ற பெயரும், மண் அரிப்புக்கு ‘எரோஷன்’ என்ற பெயரும் அதே வேரிலிருந்து வந்தவைதான்.

இப்படி வேரைத் தேடுவது ஆங்கிலச் சொல்வளம் பெருக்கும் வழிகளில் ஒன்று. அப்படிப் பெருக்க நினைப்பவருக்கு மொத்தம் மூன்று வழிகள் உண்டு: வேர், பட்டியல், வாசிப்பு.

அறிவியலோ மருத்துவமோ படிப்பவர் யோசிக்காமல் வேரைப் பிடிக்கலாம். மின்பகுப்பில் புதிதாகக் கண்டவற்றுக்குப் பெயர் தேடிய விஞ்ஞானி ஃபாரடே, கேம்பிரிட்ஜ் அறிஞர் வில்லியம் ஹ்யூவெலிடம் யோசனை கேட்டார். 1834-இல் ‘ஆனோட்’, ‘கேத்தோட்’ பிறந்தன. கிரேக்கத்தில் ‘ஆனா’ மேலே, ‘கட்டா’ கீழே, ‘ஹோடோஸ்’ வழி. இந்த ‘ஹோடோஸ்’தான் மெத்தட், பீரியட், எபிசோட், எக்ஸோடஸ் எல்லாவற்றிலும் ஒளிந்திருக்கிறது. ‘எலக்ட்ரோலைட்’டின் பின்பாதிக்குப் பொருள் அவிழ்தல், பிரிதல். அது தெரிந்தால் அனாலிசிஸ், டயாலிசிஸ், பாராலிசிஸ் மூன்றும் ஒரே குடும்பம் என்பது புரிந்துவிடும்.

ஆனால் வேர் ஏமாற்றவும் செய்யும். தொடக்கம் ஒன்றுபோலத் தெரிந்தாலும், ‘பெடஸ்ட்ரியன்’ பாதத்திலிருந்து வந்தது, ‘பீடியாட்ரிக்ஸ்’ குழந்தையிலிருந்து. ‘இன்ஃப்ளேமபிள்’ என்பதில் ‘இன்’ இருப்பதால் தீப்பிடிக்காது என்று முடிவுகட்டியவர் டேங்கர் லாரிக்குப் பக்கத்தில் நிற்காமல் இருப்பது நல்லது.

மூன்று மாதத்தில் வங்கித் தேர்வை வைத்துக்கொண்டிருப்பவருக்கு வேர் ஆராய நேரமில்லை. பழைய வினாத்தாள்களிலிருந்து எடுத்த பட்டியலே அவருக்குச் சரி. அங்கேயும் ஒரு குறுக்குவழி உண்டு: ஒரு சொல்லில் விடை கேட்கும் கேள்விகளுக்கு ‘சைட்’ (கொலை), ‘ஃபோபியா’ (அச்சம்), ‘மேனியா’ (வெறி) என முடிகிறவற்றைத் தனியே கூட்டிவைத்துப் படித்தால் மனப்பாடச் சுமை குறையும். தேர்வு முடிந்த மறுவாரமே பட்டியல் மறந்துபோகும் என்பது வேறு விஷயம்.

எழுதவும் பேசவும் ஆங்கிலம் வேண்டுமென்றால் வாசிப்புக்கு மாற்றே இல்லை. ‘நொட்டோரியஸ்’ என்பதன் வேருக்கு ‘அறியப்பட்ட’ என்றுதான் பொருள். அதில் ஏறிய கெட்ட பெயரை வேர் சொல்லாது. தமிழிலும் ‘நாற்றம்’ ஒருகாலத்தில் நறுமணத்தையும் குறித்தது. அதை நம்பி இன்று கல்யாண வீட்டுப் பந்தலில் யாரும் அந்தச் சொல்லை எடுக்க மாட்டார்கள். ஆங்கில நாளிதழின் தலையங்கத்தைத் தினமும் படிப்பவருக்கு, எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேரும் என்பது தானாகப் பிடிபடும். பலன் தெரிய மாதங்கள் ஆகும்.

புத்தகம் கேட்பவருக்கு 1949-இல் வெளிவந்த நார்மன் லூயிஸின் ‘வேர்ட் பவர் மேட் ஈஸி’ இன்றும் முதல் தேர்வு. வேரைச் சொல்லிக்கொடுத்து, உச்சரிப்பையும் பழக்கி, உடனே பயிற்சியும் வைக்கிறது. அமெரிக்க உச்சரிப்பு என்பதை மட்டும் கவனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சந்தேகம் வந்த சொல்லின் பூர்வீகத்தைப் பார்க்க டக்ளஸ் ஹார்ப்பரின் ‘எட்டிமான்லைன்’ இணையதளம் போதும். கைப்பேசியிலேயே இலவசமாகத் திறக்கும்.