கலங்கரை விளக்கமும் அறமன்றமும்

நம் திருச்சிராப்பள்ளியின் ஒரு பகுதியாகிய உறையூர் முற்காலத்திற் சோழர் தலைநகராய் விளங்கிற்று. அந்நகரத்து அவைக்களம் அறத்திற்கு நிலைக்களமென்று புறநானூறு போற்றும். அவ்வூரில் வாழ்ந்து தமிழ் பயிலும் நாம், இந்நாட்டு வழக்குகளுக்கு மேன்மன்றமாகிய சென்னை ஹைகோர்ட்டின் வரலாற்றை ஒருசிறிது ஆராய்வோமாக.

முன்னர்ச் சென்னையில் இருவகை நியாயஸ்தலங்கள் இருந்தன. 1801-ஆம் ஆண்டில் ஏற்பட்ட சுப்ரீம் கோர்ட்டு சென்னை நகரத்தார் வழக்குகளை விசாரித்தது. திருச்சி முதலிய வெளி ஜில்லாக்களின் அப்பீல்கள் சதர் அதாலத்திற்குச் சென்றன. விக்டோரியா மகாராணியார் 1862 ஜூன் 26-இல் அளித்த சாசனத்தால் இவ்விரண்டும் ஒன்றாகி ஹைகோர்ட்டாயின.

கடற்கரையை அடுத்த பழைய மாளிகையொன்றில் முப்பதாண்டு நடைபெற்ற அம்மன்றத்திற்கு, 1888-இல் புதிய கட்டடம் தொடங்கப்பெற்றது. பிராசிங்டன் என்பார் முதலில் வரைந்த படத்தைத் திருத்தி ஹென்றி இர்வின் என்னும் சிற்பவல்லுநர் வேலையை நடத்தினார். செங்கல்லால் எழுந்த வளைவுகளும் குமிழ்மாடங்களும் கொண்ட அம்மாளிகை 1892 ஜூலை 12-இல் திறக்கப்பெற்றது. இந்திய, இஸ்லாமிய, ஐரோப்பியச் சிற்பமுறைகள் அதன்கண் ஒருங்கே காணப்படும். சுமார் 175 அடி உயர்ந்த நடுக்கோபுரத்தின் உச்சியில் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கம் எரிந்தது. அதற்குமுன் அப்பணியைச் செய்த கற்றூண் இன்றும் அவ்வளாகத்தில் நிற்கின்றது.

கடலிற் செல்வோர்க்கு ஒளி தந்த அக்கோபுரத்தின்கீழ், வழக்குடைய ஏழைக்குத் தன் வழக்கின் போக்கு விளங்கிற்றா? இவ்வினாவை முற்பட எழுப்பியவர்களுள் ஒருவர் நம் நாட்டு மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை. திருச்சியை அடுத்த குளத்தூரில் 1826-இற் பிறந்த அவர், திருச்சி கோர்ட்டிலேயே உத்தியோகம் தொடங்கினார். ஹைகோர்ட்டு தோன்றிய அதே 1862-இல், சதர் கோர்ட்டுத் தீர்ப்புகளைத் தமிழிற் பெயர்த்துச் 'சித்தாந்த சங்கிரகம்' என வெளியிட்டார். தமிழ்நாட்டு மன்றங்களில் ஆங்கிலத்தில் வாதிப்பதைத் தம் 'பிரதாப முதலியார் சரித்திர'த்திற் கண்டித்தார்.

அதன்பின் தூரம் குறைந்தது. 2004 ஜூலை 24-இல் மதுரைக் கிளை திறக்கப்பெற்றமையால், ஸ்ரீரங்கத்துக் குடியானவர் அப்பீலின்பொருட்டுச் சென்னைவரை செல்ல வேண்டுவதில்லை. மொழித்தடையோ முற்றும் நீங்கிற்றில்லை. கீழ்க்கோர்ட்டுகளில் தமிழ் வழங்கினும், ஹைகோர்ட்டு நடவடிக்கைகளுக்கு அரசியலமைப்பின் 348-ஆம் பிரிவு ஆங்கிலத்தையே விதிக்கின்றது. தமிழையும் வழங்கவேண்டுமெனச் சட்டசபை 2006-இல் தீர்மானித்தும் அது கைகூடவில்லை. ஆகலின், தன் நிலத்தைப் பற்றிய வாதத்தையே அயலார் பேச்சுப்போற் கேட்டு நிற்பவர் இன்றும் உளர்.

சட்டநூல்களுக்கு ஏற்ற தமிழ்ச்சொற்கள் போதாவென்பார் சிலர். அக்குறை உண்டாயின் அதனைத் தீர்த்தல் தமிழ் கற்கும் நம் கடனன்றோ? வேதநாயகர் ஒருவராய்த் தொடங்கிய பணியை நாம் பலராய்த் தொடர்வோமாயின், வழக்காடுவோன் தன் தீர்ப்பைத் தானே படித்துணரும் நாள் வரும். கோபுரத்து விளக்கு அணைந்தது பற்றி அன்று வருந்த வேண்டுவதில்லை.